கையெழுத்தில்லாத கிணறு

அண்டைக்குக் கிணத்தடியிலை நிண்டது எட்டுப் பேர். நான், என்ரை மனுசி, பூசை செய்யிற கந்தையா அண்ணை, கனடாவிலையிருந்து வந்த காணிக்காரர், நிலஅளவையாளர், மண் வெட்டுற பெக்கோ மிசின் ஓடுறவர், இரண்டு பொலிஸ்காரர்.

இந்தக் கிணத்தடிக் கோயிலுக்குப் புதுசா வாறவைக்காகச் சொல்லுறன். வெள்ளைக்காரன்ரை காலத்திலை எங்கடை ஆக்களை உயர்ந்த சாதிக்காரர் ஊர்க் கிணத்திலை அள்ள விடேல்லை. ஆரும் ஊத்தினால்தான் தண்ணி. அதுக்கு மேலை வெள்ளையனுக்கு ஆளாளுக்குத் தலைவரி. அப்பதான் எங்கடை ஆக்களிலை ஒருத்தர், இப்ப நாங்கள் கும்பிடுற கிணத்தடிச்சாமி, சொன்னார்: "வெள்ளையன்ரை ஆட்சி முடியப்போகுது. ஒருத்தருக்கும் கைகட்டி நிக்காத காலம் வருகுது. உங்கடை கிணத்தை நீங்களே வெட்டுங்கோ. அவன்ரை கடதாசியிலை பெருவிரல் வைக்காதேங்கோ." வெட்டினவை. வரி கட்டேல்லை. சாமியை விலங்கு போட்டுக் கொண்டு போனாங்கள். அவர் திரும்பி வரேல்லை.

அந்த வாக்கை நாங்கள் விடேல்லை, வெள்ளையன் போன பிறகும் ஒரு கடதாசியிலையும் கை வைக்கேல்லை. அதாலை கிணத்துக்கும் உறுதிப் பத்திரம் இல்லை, போற பாதைக்கும் இல்லை. சுத்தவரக் காணியை வாங்கினவர் கிணத்தை மூட வந்திட்டார்.

நான் எட்டாம் வகுப்போடை நிண்டவன். பொலிசைக் கண்டாலே மற்ற ஒழுங்கையாலை போறவன். ஒரு கிழமையாச் சோறு இறங்கேல்லை.

காணிக்காரர் ஒரு கடதாசியை நீட்டினார். "உரிமை இல்லையெண்டு கையெழுத்து வையுங்கோ ஐயா. றோட்டுக்கரையிலை மாபிள் போட்டு ஒரு கோயில் கட்டித் தாறன்."

நான் பேனையை வாங்கிப்போட்டன். அதை நான் உங்களுக்கு மறைக்கேல்லை.

கந்தையா அண்ணை பாத்தார். "சாமி விலங்கோடை போனவர். நீ பேனையோடை போறியோ?"

"பிடிச்சு அடைச்சா என்ன செய்யிறது அண்ணை?"

"அடைக்கட்டுமன். உன்ரை மனுசிக்குச் சமையல் மிச்சம்."

மனுசி சிரிக்கேல்லை. நான் கையெழுத்து வைக்க முந்தியே பெக்கோ உறுமத் தொடங்கீட்டுது. நான் கண்ணை மூடினன். "சாமி, எனக்குத் துணிவில்லை அப்பு. நீயே வா." அவ்வளவுதான் வாயிலை வந்தது.

"நிப்பாட்டு!"

கத்தினது அளவையாளர். எல்லை பாக்கக் கொண்டுவந்த பழைய வரைபடத்தின்ரை பிரதி அவரின்ரை கையிலை.

"இதிலை கிணறு கீறிக் கிடக்கு. 'கலகக்காரர் வெட்டின கிணறு, பொதுவழி' எண்டு இங்கிலிசிலை எழுதியிருக்கு. வெள்ளைக்காரன்ரை காலத்து வரைபடம். இதை மூட நான் ஒத்துக்கொள்ளமாட்டன்."

பொலிஸ்காரர் கோட்டிலை வழக்குப் பேசச் சொல்லிச்சினம். பெக்கோ திரும்பிப் போச்சு. நான் மண்ணிலை குந்தி அழுதன்.

எங்களை அடக்க வந்தவன் எழுதி வைச்சதைக் கொண்டே சாமி எங்களைக் காப்பாத்தினார். வழக்கு இன்னும் நடக்குது. போன மாதம் நானும் கந்தையா அண்ணையும் முதல்முதலாக் கையெழுத்து வைச்சம், உரிமை கேட்டு. சாமி கோவிக்கமாட்டார். அவர் விலக்கினது வெள்ளையன்ரை கடதாசியைத்தான்.

பயம் எனக்கு இன்னும் போகேல்லை. ஆனால் இப்ப சோறு இறங்குது, நித்திரை வருகுது. துணிவு வந்த பிறகு கும்பிடுவம் எண்டு காத்திருக்காதேங்கோ. பயத்தோடையே கூப்பிடுங்கோ. பயந்தவன்ரை சத்தமும் அவருக்குக் கேக்கும்.