செல்வராஜ் வேண்டாம் என்று முதுகில் எழுதியவர்கள்

திருப்பூரில் ரெஃப்ரியைத் திட்டுவதற்கும் ஒரு மரியாதை உண்டு. வந்த புதிதில், நல்லூர் பக்கத்துப் பொட்டலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணெதிரே நடந்த ஃபவுலுக்கு ரெஃப்ரி விசில் ஊதவில்லை. என் பக்கத்தில் நின்ற உள்ளூர்க்காரர் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்: "ஏனுங்க ரெஃப்ரி, கண்ணு தெரியலீங்களா? பேசாம ஊட்டுக்குப் போயிருங்க!" சிரிப்பை அடக்க நான் முந்தானையைக் கடிக்க வேண்டியதாயிற்று. எங்கள் கன்னியாகுமரிக் கடற்கரையில் ரெஃப்ரியின் மூன்று தலைமுறையைக் கல்லறையிலிருந்து எழுப்பி உட்கார வைத்துத்தான் திட்டுவார்கள். அவரும் சும்மா இருக்க மாட்டார், விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் ஒரே கடையில் டீ குடிப்பார்கள். இந்த ஊரில் கோபம் வந்ததா வரவில்லையா என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

நானும் என் வீட்டுக்காரர் அந்தோணியும் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். அவர் ஓவர்லாக் டெய்லர், நான் செக்கிங். எங்களைப் போலத் தெக்கத்திக் கடற்கரையிலிருந்து வந்த பையன்கள் சேர்ந்து வைத்திருக்கிற டீமின் பெயர் 'கடலலை'. கடலைப் பார்க்க ஒரு ராத்திரி முழுக்க பஸ்ஸில் போக வேண்டிய ஊரில் இப்படி ஒரு பெயர்! ஆனால் அதை டீமாக ஆக்கியவர் எங்கள் ஆள் இல்லை. சேவூரில் தோட்டம் துரவு உள்ள கவுண்டர் வீட்டுப் பிள்ளை, நல்லூரில் சின்னதாக எலாஸ்டிக் கம்பெனி நடத்துகிற செல்வராஜ் அண்ணன். பையன்கள் உதைத்த பந்து அவர் கம்பெனி ஜன்னல் கண்ணாடியை உடைத்தது. சண்டைக்கு வந்த மனிதர், "ஏந்தம்பி, லெஃப்ட்ல ஆளே இல்லாம எல்லாரும் பந்துக்குப் பின்னாடியே ஓடறீங்களே, ஆட்டுமந்தையாட்ட" என்று சொல்லிவிட்டு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை, மேனேஜராகிவிட்டார். எந்தப் பையனுக்கு எந்தக் கால் பலம், எவனை அதட்டினால் ஆடுவான், எவனைக் கொஞ்சினால் ஆடுவான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

அப்படிப்பட்டவர், ஒரு ஃபைனலுக்கு முந்தின வாரம், ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார். பெரிய கம்பெனி ஒன்று புதிதாக டீம் ஆரம்பித்து, பஸ், பூட்ஸ், புல்தரை, சம்பளம் எல்லாம் காட்டி அவரைக் கூப்பிட்டிருந்தது. ஃபைனலில் எங்களுக்கு எதிரே நின்றது அந்த டீம்தான். எங்கள் பையன்களின் இண்டு இடுக்கெல்லாம் தெரிந்தவர் எதிர்ப்பக்கம் இருந்தால் என்ன ஆகும்? கோட்டை விட்டோம். அன்றைக்கு மைதானத்தில் குப்புறப் படுத்து அழுத பையன்களை ஒவ்வொருவனாகத் தூக்கிவிட்டது அந்தோணி. மறுவாரத்திலிருந்து அவர்தான் மேனேஜர்.

ஆட்டம் தெரியும் என்று என் புருசனைப் பற்றி நான் பொய் சொல்ல மாட்டேன். கத்தத் தெரியும், அவ்வளவுதான். டீம் தோற்றுக்கொண்டே இருந்தது. ஆனாலும் வாரத்தில் ஆறு நாள் "இந்த பீஸ் என்னங்க இப்படி" என்று சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்குகிற மனிதர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்புவார். அன்றைக்கு ஒருநாள் பத்துப் பதினைந்து பேர் அவர் வாயைப் பார்ப்பார்கள். அந்த ஒருநாளை வைத்துத்தான் அவர் மற்ற ஆறு நாளை ஓட்டினார்.

இப்படி இருக்கும்போது அந்தப் பெரிய கம்பெனி டீமைக் கலைத்துவிட்டது. செல்வராஜ் அண்ணனிடமிருந்து செய்தி வந்தது: "திரும்பி வரட்டுங்களா?"

வந்ததே வினை. கடலலைக்காரர்கள் இரண்டாகப் பிளந்தார்கள். அவர் வந்தால்தான் டீம் பிழைக்கும் என்று ஒரு பக்கம். முதுகில் குத்தினவனுக்கு முன்வாசல் திறப்பதா என்று மறுபக்கம், அதற்குத் தலைவர் என் வீட்டுக்காரர். டீக்கடையில் தனித்தனி பெஞ்சு. யோசித்துப் பார்த்தால் வேடிக்கைதான். பிழைக்க வந்த நாங்கள், இந்த மண்ணிலேயே பிறந்த ஒருவரை உள்ளே விடலாமா கூடாதா என்று கூட்டம் போட்டுக்கொண்டிருந்தோம்!

எனக்கு நியாயம் ஒரு பக்கம், புருசன் ஒரு பக்கம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டுவிட்டேன்: "கூலி கூடக் கெடைக்குன்னு அவரு போனாரு. அது துரோகம்னா, நம்ம ரெண்டு பேரும் எதுக்கு இங்க வந்து கெடக்கோம்? உங்க அண்ணன் கடலுக்குப் போவ வள்ளத்துல ஆளில்லாம தவிச்சப்பம் தானே நீங்க பஸ் ஏறினீங்க?"

அந்தோணி தட்டைத் தள்ளி வைத்தார். "நான் அண்ணங்கிட்ட சொல்லிட்டு வந்தேன். இவன் சொல்லாம போனான். அது வேற, கேட்டியா?" என்றார். அந்த வாரம் முழுவதும் என்னிடம் பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால் சுவரைப் பார்த்து, "உப்பு" என்பார்.

மற்ற ஊர்களில் சண்டை வந்தால் சுவரில் எழுதுவார்கள், போஸ்டர் ஒட்டுவார்கள். இது திருப்பூர். ஒரே வாரத்தில் இரண்டு கட்சிக்கும் டீ-ஷர்ட் தயாராகிவிட்டது. ஒரு எக்ஸ்போர்ட் ஆர்டரில் கழித்துப் போட்ட மெரூன் துணி ரோல் ஒன்று மலிவாகக் கிடைத்தது, இரண்டு கட்சியும் போய் அதே ரோலில்தான் வாங்கியது. வேண்டும் கட்சி நெஞ்சில் 'செல்வராஜ் அண்ணா வாங்க' என்று ப்ரிண்ட் போட்டது. வேண்டாம் கட்சிக்காரர்களோ, ஜெர்சி என்றால் பெயர் முதுகில்தானே வரும் என்று தொழில் பழக்கத்தில் முதுகில் போட்டார்கள்: 'செல்வராஜ் வேண்டாம்'. இரண்டுக்கும் உட்கார்ந்து பிசிர் வெட்டிக் கொடுத்தவள் நான். தையலில் ஒரு குறை கிடையாது. மூளையில் இருந்த குறைதான் யார் கண்ணிலும் படவில்லை.

இங்கே கொங்குநாட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். யாராவது ஓர் இடத்துக்கு வந்தால், அங்கே இருக்கிற ஒவ்வொருவரும் தனித்தனியாக "வாங்க" என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் பேரன் காலம்வரை நினைவு வைத்திருப்பார்கள். முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்குப் போனபோது எனக்கு இது தெரியாது. வாசலில் ஒருவர் "வாங்க" என்றார். கூப்பிடுகிறாரே என்று கிட்டே போய் "என்னங்க?" என்று நின்றேன். அவர் முழித்தார். அதற்குள் இன்னொருவர் "வாங்க" என்றார், அவரிடமும் ஓடினேன். மண்டபம் முழுக்க இப்படியே பந்து மாதிரி உருண்டேன். எங்கள் ஊரில் வந்தவனைக் கண்டால் "எப்பம் வந்தே?" என்பார்கள். அடுத்த மூச்சிலேயே "எப்பம் போறே?" என்பார்கள்.

கூட்டம் ஒரு முடிவுக்கு வருமுன்னே, வேண்டும் கட்சி கூப்பிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை செல்வராஜ் அண்ணன் வந்தார். கூச்சத்தோடு, செருப்பைத் தேய்த்துக்கொண்டு வந்தார். எதிரே பார்த்தால் மைதானத்து ஓரம் முழுக்க ஒரே மெரூன். முன்னால் நின்றவர்கள் நெஞ்சில் 'வாங்க'. பின்னால் காம்பவுண்ட் சுவரோரம் நின்றவர்கள் நெஞ்சில் ஒன்றுமில்லை, அவ்வளவுதானே அவருக்குத் தெரியும்? எல்லாரும் தன்னை வரவேற்கத்தான் சட்டை தைத்துப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. எதிர்ப்பைக் காட்ட வேண்டுமென்றால் வேண்டாம் கட்சி மொத்தமும் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்ப வேண்டும். ஒருவனும் திரும்பவில்லை. வந்த மனிதருக்கு எப்படி முதுகைக் காட்டுவது? ஒவ்வொருவராகக் கடந்து அவர் அந்தோணியின் முன்னால் வந்து நின்றார்.

"வாங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. முகம் செத்துப்போயிற்று. இத்தனை வருஷம் இந்த ஊர்ச் சோற்றைத் தின்ற வாய், கேட்காமலே சொல்லிவிட்டது.

ஆட்டம் தொடங்கியது. மேனேஜர் நிற்கிற கோட்டருகே செல்வராஜ் அண்ணன் நின்றார். அந்தோணி முதன்முறையாக வேடிக்கை பார்க்கிற எங்களோடு வந்து, முதுகு தெரியாமல் காம்பவுண்ட் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். இஸ்திரி மடிப்பு கலையாத பேண்ட்டோடு வெறும் மண்ணில் உட்கார்ந்தார். நியாயம் பேசிய என் வாயை நானே நொந்துகொண்டேன்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் எதிர் டீம் ஒரு கோல் போட்டது. செல்வராஜ் அண்ணன் சொல்வது ஒன்றும் பையன்களுக்கு ஏறவில்லை. "கண்ணு, பந்த அந்தப் பக்கம் குடுங்க சாமி" என்று அவர் முடிப்பதற்குள் பந்து போய்விடுகிறது. இரண்டு வருஷமாக அந்தோணியின் வசவுக்குப் பழகின காதுகள். செல்வராஜ் அண்ணன் சுற்றிப் பார்த்துவிட்டு நேரே எங்களிடம் வந்தார். "அந்தோணி, ஒரு எட்டு வாங்க. நான் சொல்றதுக்கு ஒருத்தரும் மசிய மாட்டீங்கறாங்க. நான் சொல்றேன், நீங்க உங்க பாசைல வையுங்க" என்றார்.

அந்தோணி எழுந்தார், முன்னால் நடந்தார். பின்னாலேயே வந்த செல்வராஜ் அண்ணன் அந்த முதுகைப் படித்துவிட்டார். அவர் கிட்டே போய் எழுத்தின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"ப்ரிண்ட் நல்லா வந்திருக்குதுங்க. எங்கீங்க போட்டீங்க?"

அந்தோணி சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சொல்லாம போனது என்ற தப்புங்க. சொன்னா நீங்க விட்டிருக்க மாட்டீங்க, அதுக்குப் பயந்துட்டுத்தானுங்க சொல்லல."

"விட்டிருக்க மாட்டேன்" என்றார் அந்தோணி. உடனே கோட்டுப் பக்கம் திரும்பி, லெஃப்ட்டில் நின்ற பையனை, அவன் பாட்டனாரில் தொடங்கித் திட்ட ஆரம்பித்தார். அன்றிலிருந்து கடலலைக்கு இரண்டு மேனேஜர். ஒருவர் சொல்வார், மற்றவர் வைவார். அன்றைய ஆட்டம் டிரா.

இந்த வருஷம் ஊர்த் திருவிழாவுக்குப் போனோம். அந்தோணி அந்த மெரூன் சட்டையை வீட்டுச் சட்டையாக்கிவிட்டார், எத்தனை துவைத்தும் எழுத்து போகவில்லை. கடற்கரையில் அவருடைய அண்ணன் வலை பிரித்துக்கொண்டே முதுகைப் படித்துவிட்டுக் கேட்டார்: "யாருடே இந்த செல்வராஜ்?"

"எங்க ஊர்க்காரரு" என்றார் என் வீட்டுக்காரர்.

கேலிக்குச் சொல்லவில்லை, யோசித்தும் சொல்லவில்லை. அண்ணனின் கை வலையிலேயே நின்றது. பிறகு எப்போதும் கேட்கிற மாதிரிதான், ஆனால் இந்தத் தடவை மெதுவாகக் கேட்டார்:

"எப்பம் போறே மக்கா, உன் ஊருக்கு?"