"லெஃப்டு, டாக்டர்!"

அம்பத்தூர் எஸ்டேட்டில் வார்ப்பு இரும்பு தூக்கிக்கொண்டிருந்த காலம். ஒருநாள் இருமியபோது இடப்பக்க அடிவயிற்றில் எலுமிச்சம்பழம்போல ஏதோ புடைத்தது. படுத்ததும் மறைந்துவிட்டது. ஹெர்னியா (குடலிறக்கம்) என்றார்கள்.

குமணன்சாவடி அருகே ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். ஸ்பைனல் (முதுகுத்தண்டில் போடும் மரப்பு ஊசி) போட்டதும் இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. தலை மட்டும் தெளிவாக விழித்திருந்தது. நெஞ்சுக்கு மேல் பச்சைத் துணித் திரை. அதற்கு அப்பால் டாக்டரின் குரல் கேட்டது.

"ரைட் சைடுதானே? ரெடியா?"

"ரெடி டாக்டர்" என்றார் சிஸ்டர்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவ்வளவு படித்தவருக்குத் தெரியாதா என்று ஒரு கணம் தயங்கினேன். பிறகு தொண்டை கிழியக் கத்தினேன்.

"டாக்டர், இருங்க இருங்க! எனுக்கு லெஃப்டு சார், லெஃப்டு!"

திரைக்கு மேலே டாக்டரின் கண்கள் தெரிந்தன. "கொஞ்சம் இருமுங்க."

முடிந்தவரை இருமினேன். கத்தியைத் தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது.

"லெஃப்டுதான். படுத்ததும் வீக்கம் உள்ள போயிடுச்சு. இதுக்கு முன்னாடி செஞ்சவருக்கு ரைட், அதே மனசுல இருந்துடுச்சு. தப்பு எங்களோடது. நல்ல வேளை சொன்னீங்க."

பயம் போய் ஒரு பரபரப்பு தொற்றிக்கொண்டது. அறுவை முடியும்வரை சிரித்த முகமாகவே கிடந்தேனாம். "நீ கத்துனது வராண்டா வரிக்கும் கேட்டுச்சி, நான் ஜெபமே சொல்ல ஆரம்பிச்சிட்டேன்" என்றாள் என் மனைவி ஸ்டெல்லா.

மறுநாள் டாக்டரே பேனாவோடு வார்டுக்கு வந்தார். அறுவைக்குக் காத்திருந்த ஒவ்வொருவரிடமும், "எந்தப் பக்கம்? நீங்களே சொல்லுங்க" என்று கேட்டு, அந்த இடத்தில் தோலின்மேல் அம்புக்குறி போட்டார். எனக்கு விசிலடிக்கலாம் போலிருந்தது!

பக்கத்துக் கட்டிலில் சென்னீர்குப்பம் லாரி டிரைவர். "மாமே, உன்னால என் வயித்துல கோலம் போட்டுக்கினு போறாங்க!" என்றார். சிரித்ததில் தையல் சுரீரென்று இழுத்தது.

உங்களில் யாராவது நாளை அந்த மேசையில் படுக்கப்போகிறீர்கள் என்றால், எந்தப் பக்கம் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்கிறவர்மேல் நல்ல டாக்டர் கோபப்படமாட்டார்.

தையல் பிரித்து வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். என் கை தானாகவே வலப்பக்க அடிவயிற்றுக்குப் போனது. தழும்பில்லை, வெறும் தோல், இளஞ்சூடு. பிறந்ததிலிருந்து என்னோடிருந்த அந்த இடத்தை அன்றுதான் முதன்முதலாகத் தொட்டுப் பார்த்தேன். இறங்கவேண்டிய நிறுத்தம் தாண்டிப் போயிருந்தது.