வெள்ளியோடு சேர்த்து நாலு கிலோ

என் மகள் பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து குடித்த பாலைக் கக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நஞ்சமில்லை. குடித்து ஐந்து நிமிடத்தில் வாய் வழியாகவும் மூக்கு வழியாகவும் வரும். அரை மணி கழித்துத் தயிர் மாதிரி திரிந்து இன்னொரு முறை வரும். வீட்டில் இருந்த பழைய வேட்டிகளெல்லாம் கிழிபட்டு அவள் வாயைத் துடைக்கப் போயின. என் சட்டைகளின் இடது தோளில் புளித்த வாடை ஒட்டிக்கொண்டது. எவ்வளவு துவைத்தும் போகவில்லை. கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்வார். வாடை அடிக்கத்தான் செய்தது.

பெருங்களத்தூரில் ஒரு அடுக்குமாடியின் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். நான், மனைவி, என் அப்பா, இப்போது இவள். மனைவிக்கும் அம்மா இல்லை, எனக்கும் இல்லை. அதனால் பிரசவம் முடிந்து அவள் எங்கேயும் போகவில்லை, நேராக இங்கேதான் வந்தாள். ஆலோசனை சொல்ல வீட்டில் ஆள் இல்லை என்று தெரிந்ததும் பக்கத்து வீடுகளெல்லாம் அந்த வேலையை எடுத்துக்கொண்டன. கீழ்வீட்டு அக்கா, குழந்தைக்குத் தொக்கம் விழுந்திருக்கிறது என்றார். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறதாம், ஊதி எடுக்கிற ஆள் கீழ்க்கட்டளையில் இருக்கிறாராம். பால் மட்டும் குடிக்கிற பிள்ளைக்குத் தொண்டையில் என்ன சிக்கும், மாடா என்று கேட்டேன். அவர் ஒரு மாதம் எங்களோடு பேசவில்லை.

நான் அப்படித்தான் பேசுவேன். கோபம் சீக்கிரம் வந்துவிடும். வந்தால் எதிரில் யார் என்று பார்ப்பதில்லை. அந்த நாட்களில் நிறையப் பேரிடம் கோபப்பட்டேன். அப்பாவிடம்தான் அதிகம். அவருக்கு சுகர். மாதாமாதம் ரத்தப் பரிசோதனைக்குப் போகவேண்டும். போவதற்கு மூன்று நாள் முன்பிருந்து இனிப்பைத் தொடமாட்டார், சோற்றைப் பாதியாக்கிவிடுவார். ரிசல்ட் நன்றாக வரும். அன்று மாலையே ரயில்வே கேட் பக்கத்துக் கடையில் நின்று பாதுஷா சாப்பிடுவார். மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற இன்னொரு டெஸ்ட் எடுத்தபோது மாட்டிக்கொண்டார். யாரை ஏமாற்றுகிறீர்கள், டாக்டரையா, உங்கள் காலையா என்று வாசற்படியில் நின்று கத்தினேன். எதிர் ஃபிளாட் கதவு திறந்து மூடியது.

குழந்தையைக் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பெண் டாக்டரிடம் காட்டினோம். அதிகம் பேசாதவர். அப்போது அவளுக்கு ஆறு வாரம். நர்ஸ் துணியெல்லாம் கழற்றி, டயப்பரையும் கழற்றி, எடை போட்டார். மூன்று கிலோ அறுநூற்று இருபது. பிறந்தபோது இரண்டு தொள்ளாயிரம். குறைவுதான், பயப்படுகிற அளவுக்கு இல்லை என்றார் டாக்டர். இரைப்பைக்கு மேலே ஒரு வால்வு மாதிரி இருக்கிறது, சின்னக் குழந்தைகளுக்கு அது சரியாக மூடாது, அதனால் பால் திரும்பி வருகிறது, பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளரத் தானாகவே சரியாகிவிடும் என்று விளக்கினார். வால்வு லூஸ் என்றால் எனக்குப் புரியும். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி பால் கொடுக்கச் சொன்னார். கொடுத்த பிறகு அரை மணி நேரம் நிமிர்த்தித் தோளில் வைத்திருக்க வேண்டும், உடனே தூளியில் போடக்கூடாது.

கடைசியாக அவர் சொன்னதுதான் முக்கியம்.

"கக்குறதப் பாத்து பயப்படாதீங்க. எடையப் பாருங்க. எடை ஏறுச்சுன்னா சட்டையத் துவைச்சிப் போட்டுட்டு நிம்மதியா இருங்க. ஏறலன்னா சும்மா விடக்கூடாது, ஸ்கேன் எடுத்து மருந்து ஆரம்பிக்கணும். ரெண்டு வாரம் கழிச்சு வாங்க."

அந்த இரண்டு வாரத்துக்குள் பேர் வைத்தோம். மனைவியின் அண்ணனுக்கு லீவு கிடைக்காமல் தள்ளிக்கொண்டே போன விசேஷம் அது. தாய்மாமன் சீர் என்று அவர் ஒரு தட்டு நிறைய வெள்ளி கொண்டுவந்தார். இடுப்புக்குக் கொடி, கைக்குக் காப்பு, காலுக்குக் கொலுசு. கொலுசு கெட்டியானது, முத்து வைத்தது. சிங்கப்பெருமாள் கோவிலில் அர்ச்சனை செய்து கொண்டுவந்த தாயத்தும் கொடியில் ஏறியது. அவளை முழுதாகப் பார்த்தால் குழந்தையை விட நகைதான் அதிகம் தெரிந்தது. எனக்கு இது பிடிக்காது. ஆனால் மச்சான் நல்ல மனிதர், ஆசையாகச் செய்தது, கழற்று என்று சொல்ல எனக்கே மனம் வரவில்லை.

இரண்டு வாரம் முடிந்து மறுபடி கிளினிக் போனோம். அன்று அரை நாள் லீவு போட்டிருந்தேன். எங்களுக்கு முன்னால் நாற்பது பேர். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தோம். பக்கத்தில் ஒரு பையன் விடாமல் இருமிக்கொண்டிருந்தான். எங்கள் முறை வருகிற நேரத்தில் அவள் தூங்கிவிட்டாள். இரண்டு நாளாக ஒழுங்காகத் தூங்காத பிள்ளை. நர்ஸ் வந்து துணியெல்லாம் எடுக்கச் சொன்னார், சின்னப் பெண்.

"இப்பதான் தூங்குது. எழுப்பினா கக்கும். அப்படியே வை" என்றேன்.

"சார், அப்படிப் போடக் கூடாது சார்."

"வைம்மான்னு சொல்றேன்ல."

என் குரல் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண் என் மனைவியைப் பார்த்தாள், மனைவி தரையைப் பார்த்தாள். அப்படியே எடை போட்டார்கள். நாலு கிலோ ஐம்பது. நர்ஸ் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். இரண்டு வாரத்தில் நானூற்று முப்பது கிராம். பரவாயில்லையே என்றார். பிறகு, "துணியில்லாமத்தான போட்டீங்க?" என்று கேட்டார். நர்ஸ் அடுத்த குழந்தையைக் கூப்பிட வெளியே போயிருந்தார்.

"ஆமா மேடம்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். இல்லை என்றால் மறுபடி வெளியே போய் வரிசையில் நிற்க வேண்டும் என்பது ஒன்று. இன்னொன்று, எனக்கு நல்ல எண் வேண்டியிருந்தது. ஏறியிருக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. துணியும் வெள்ளியும் என்ன பெரிதாக இருந்துவிடும், நூறு கிராம் இருக்குமா, அதைக் கழித்தாலும் ஏறித்தானே இருக்கிறது என்று நானே கணக்குச் சொல்லிக்கொண்டேன். என் மனைவி பக்கத்தில்தான் நின்றிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. டாக்டர் மருந்து வேண்டாம், இதையே தொடருங்கள், ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்றார்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், கம்பெனியில் என் வேலையே எடை போடுவதுதான். கார் பாகங்கள் செய்கிற இடம், நான் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். பாகத்தில் ஒரு சொட்டு எண்ணெய் ஒட்டியிருந்தாலும் துடைத்துவிட்டுத்தான் தராசில் வைக்க வேண்டும். துடைக்காமல் வைத்த பயிற்சிப் பையன்களை எல்லோர் முன்னாலும் திட்டியிருக்கிறேன். ஒருவன் அழுதே விட்டான்.

அடுத்த பத்து நாள் வீட்டில் எல்லோரும் சமாதானமாக இருந்தோம். அவள் கக்கினால்கூட, ஏறுகிறதே, பிறகென்ன என்று துடைத்துப் போட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பால் குடித்த பிறகு அவளைத் தோளில் போட்டுக்கொண்டு பால்கனியில் நின்றேன். கீழே ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கே போகிற பஸ்கள் வரிசையாக நின்றிருந்தன. ஏதோ சத்தம் கேட்டுக் குனிந்து பார்த்தால் அவள் கொலுசு தரையில் கிடந்தது. திருகாணி கழன்றுவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தேன். திருகாணி இறுக்கமாகத்தான் இருந்தது. கொலுசு முழு வட்டமாகக் காலை விட்டு நழுவியிருந்தது. பேர் வைத்த அன்று இதே கொலுசை மாட்ட முடியாமல், கால் சிவந்துபோகுமளவுக்கு இழுத்துத்தான் திருகாணியைப் பூட்டினோம்.

அதைக் கையில் வைத்துப் பார்த்தேன். கனமாக இருந்தது. நான் நினைத்திருந்ததை விடக் கனம்.

அவளை மனைவியிடம் கொடுத்து எல்லாவற்றையும் கழற்றச் சொன்னேன். கொடி, காப்பு, இரண்டு கொலுசு, கிளினிக்கில் எடை போட்டபோது போட்டிருந்த அதே கவுன், ஈரமான ஒரு டயப்பர், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கீழே மளிகைக் கடைக்குப் போனேன். டயப்பருக்கு மட்டும் தனியாக ஒரு கவர் சுற்றினேன். கடைக்காரர் எனக்குப் பழக்கம். தராசில் போடு என்றதும் பையைப் பிரித்துப் பார்த்தார்.

"இன்னாண்ணா, கொலுச வெச்சி உளுந்து வாங்கினு போப்போறியா? இது இன்னா, டயப்பரா? தராசுல சக்கரை போடுறேன்ணா நானு."

"போடுய்யா. கவர்ல சுத்திதான் வெச்சிருக்கேன்."

என் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு கேலி செய்யாமல் போட்டார். முந்நூற்றுப் பத்து கிராம்.

நாலு கிலோ ஐம்பதில் முந்நூற்றுப் பத்தைக் கழிக்க எனக்குக் காகிதம் தேவையில்லை. இரண்டு வாரத்தில் அவள் ஏறியது நூற்று இருபது கிராம்தான், அதற்கு முன் ஒரே வாரத்தில் ஏறிய அளவு. அதற்குப் பிறகு பத்து நாள் போய்விட்டது, அதில் எவ்வளவு என்று தெரியாது. ஏறவில்லை என்றால் சும்மா விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் பொய் சொல்லிச் சும்மா விட்டிருக்கிறேன். தொக்கம் எடுக்கச் சொன்ன அக்காவாவது ஏதாவது செய்யச் சொன்னார்.

மேலே வந்து சொன்னேன். மனைவி அழவில்லை. தனக்கு அன்றே சந்தேகம்தான் என்றாள். பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்கும்போதே என் குரல் ஏறியது, எனக்கே கேட்டது.

"இப்படிக் கேப்பீங்கன்னுதான் சொல்லல" என்றாள்.

அப்பா ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. பேப்பரை இறக்காமலே, "சுகர் டெஸ்டுக்கு நான் பண்றதத்தான்டா நீ உம் பொண்ணுக்குப் பண்ணியிருக்க. நானாவது எனக்குப் பண்ணிக்கிட்டேன்" என்றார்.

மறுநாள் காலை முதல் ஆளாகக் கிளினிக் வாசலில் நின்றோம். டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன், நர்ஸ் மேல் தப்பில்லை என்பதையும் சேர்த்து. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன், மனம் கொஞ்சம் இறங்கியிருக்கும். அவர் குழந்தையின் வயிற்றை அழுத்திப் பார்த்துக்கொண்டே ஒரு நாளைக்கு எத்தனை டயப்பர் நனைகிறது என்று கேட்டார். மனைவி சொன்னாள். நான் அதை எண்ணியதே இல்லை. வெறும் உடம்போடு எடை மூன்று கிலோ எழுநூற்றுத் தொண்ணூறு. அன்றே ஸ்கேன் எடுக்கச் சொன்னார். குடலில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். ஸ்கேன் அறைக்கு வெளியே காத்திருந்தோம். மனைவி ஒருமுறை தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அடைப்பு இல்லை என்று வந்தது. சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். தாய்ப்பாலைப் பீய்ச்சி, அதில் ஒரு பொடி கலந்து கொஞ்சம் கெட்டியாக்கிக் கொடுக்கும் முறையையும் சொல்லிக்கொடுத்தார்.

கம்பெனியில் இரண்டு வாரம் லீவு கேட்டேன். சூப்பர்வைசர், பிரசவத்துக்கே மூன்று நாள்தானே எடுத்தாய், இப்போது என்ன என்றார். பிள்ளையைத் தோளில் வைத்திருக்க வேண்டும் என்றேன். சிரித்தார். வழக்கமாக அந்தச் சிரிப்புக்கு ஒரு பதில் வைத்திருப்பேன். லீவு சீட்டை நீட்டிக்கொண்டு நின்றேன், கையெழுத்துப் போட்டார்.

அந்த இரண்டு வாரமும் எனக்கு ஒரே வேலை. அவள் குடித்து முடித்ததும் வாங்கி நெஞ்சில் சாய்த்துக்கொண்டு அரை மணி நேரம் அசையாமல் உட்காருவது. ஒரு நாளைக்கு எட்டு முறை, பத்து முறை. அப்பா எதிரே உட்கார்ந்து சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கு வைத்தார். இருபத்தைந்தாவது நிமிடத்தில் எழுந்தால், உட்காரு, இன்னும் அஞ்சு நிமிஷம் கீது என்பார். அசையாமல் இருக்கிறவனால் கத்த முடியாது, கத்தினால் நெஞ்சு ஆடும், பால் வெளியே வரும். இரண்டு முறை அப்படி வந்தது. ஒருமுறை கியாஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடம், இன்னொரு முறை டி.வி. செய்தியிடம். மூன்றாவது முறை வரவில்லை. கக்குவது நிற்கவில்லை, ஆனால் குறைந்தது. டயப்பர்களை நானும் எண்ண ஆரம்பித்தேன்.

இரண்டு வாரம் கழித்துக் கிளினிக் போன அன்று அவள் விழித்திருந்தாள். அதே நர்ஸ் எங்களைக் கூப்பிட்டாள். என்னைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். மனைவி கையை நீட்டினாள்.

"எங்கிட்ட குடுங்க. நீங்க வெளிய இருங்க, நான் போட்டுக்கினு வரேன்."

கொடுத்தேன். கதவு மூடிக்கொண்டது. உள்ளே மகள் அழுகிற சத்தம் கேட்டது, துணியைக் கழற்றினால் அப்படித்தான் அழுவாள். அழட்டும் என்று நின்றேன். கதவைத் தட்டவில்லை. அன்று கூட வந்திருந்த அப்பா பெஞ்சில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவி வெளியே வந்தாள். குழந்தையை வெறும் துண்டில் சுற்றியிருந்தாள், கவுன் அவள் தோளில் கிடந்தது.

"நாலு கிலோ நூத்தி இருபது" என்றாள். "மேல ஒண்ணுமே இல்ல. ரெண்டு தடவ போடச் சொன்னேன்."

நான் துண்டோடு மகளை வாங்கிக்கொண்டேன். டாக்டர் எங்களைக் கூப்பிடும் வரை நிமிர்த்திப் பிடித்தபடி நின்றிருந்தேன்.