கெங்கம்மாவின் பாட்டில்களில் பூசணம்

2003இல் மாதவரத்தில் ஒரு திசு வளர்ப்புக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பக்கத்து மேசை கெங்கம்மாவுடையது. ஸ்ட்ராபெரித் தளிரைச் சின்னஞ்சிறிதாக வெட்டி, பாட்டிலில் உறைந்திருக்கும் சத்துக் கூழில் நடவேண்டும். அது பல செடிகளாகிக் கொடைக்கானல் தோட்டங்களுக்குப் போகும். நட்டவர் பெயரைப் பாட்டிலில் எழுதுவோம். பூசணம் பிடித்தால் யார் கை என்று தெரிந்துவிடும்.

அந்தக் கோடையில் கெங்கம்மாவின் பாட்டில்கள் வரிசையாகக் கறுத்தன.

"கொடுங்கையூரு குப்பைமேட்டுப் புகைய தலையில கட்டிக்கினு வர்றியே யக்கா, வேற இன்னா பூக்கும்?" என்றாள் எதிர் மேசை மெர்லின். எல்லோரும் சிரித்தார்கள். அதே புகை எட்டும் வியாசர்பாடிக்காரியான நான் என் பின்னலை இழுத்து முகர்ந்து பார்த்தேன். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான், படித்ததும் நுண்ணுயிரியல். பிறகு ஏன் முகர்ந்தேன்?

கெங்கம்மா நம்பிவிட்டாள். இன்னொரு முறை கெட்டால் வேலை இல்லை என்று மேலாளர் சொல்லியிருந்தார். அவள் கணவர் சின்னப்பையன் குப்பைமேட்டில் லாரி இறக்குபவர். அவர் சட்டை தன் புடவையோடு ஒரே கொடியில் காயக் கூடாது என்றாள். பிறகு, பக்கத்தில் படுக்கக் கூடாது என்றாள். கடைசியில், "கொஞ்ச நாளு குப்பைமேட்டு ஷெட்டுலயே பட்த்துக்கோய்யா, உன் கலீஜு என் கையில ஒட்டுது" என்று சொல்லிவிட்டாளாம். அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

பாட்டில்கள் அப்போதும் கறுத்தன. மிஷின் பழுது பார்க்கும் ஆள் வந்து பிரித்துப் பார்த்தபோது, அவள் மேசையில் காற்றை வடிகட்டும் ஃபில்டர் ஓரத்தில் கிழிந்திருந்தது. மாற்றியதும் பூசணம் நின்றது. வேலை தப்பியது.

அன்று சாயங்காலமே என்னையும் இழுத்துக்கொண்டு குப்பைமேட்டுக்குப் போனாள்.

"மிஷினுதான் கெட்டுப் போயிருந்திச்சாம்யா. உம்மேல ஒண்ணும் இல்ல. வூட்டுக்கு வா."

"ஃபில்டரு கெட்டதுன்னு மிஷினுக்காரன் சொன்னான். நான் கலீஜுன்னு யாரு சொன்னது மே?"

"வாய் தவறி..."

"தவறல. ரொம்ப நாளா உள்ள இருந்துகினு கீது."

அவள் அவர் கையைப் பிடிக்கப் போனாள். அவர் சட்டென்று பின்னால் நகர்ந்தார். "நாளைக்கி வேலைக்குப் போவணும். கை பத்ரம் மே" என்றார். குரலில் குத்தல் இல்லை. நிஜமான அக்கறைதான் இருந்தது. கெங்கம்மாவால் தாங்க முடியாமல் போனது அதுதான். பஸ் வரும்வரை அழுதாள்.

அதன் பிறகும் சின்னப்பையன் வீட்டுக்கு வருவார். வாசலில் நின்று பேசிவிட்டுப் போவார். எத்தனை முறை கூப்பிட்டும் உள்ளே வந்ததில்லை.