ஆசிரியர் பெயர்: குறிப்பிடப்படவில்லை

போன மாதம் ஒரு புதன்கிழமை சாயங்காலம். என் மகள் கயல்விழி லேப்டாப்பும் கையுமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அப்பா, நீங்க பத்திரிகையில எழுதுறவங்கதானே... இந்த சைட்டை நம்பலாமான்னு சொல்லுங்க.”

பெற்ற பெண் நம்மிடம் அபிப்பிராயம் கேட்பது எவ்வளவு அபூர்வம்? கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.

அவள் தஞ்சாவூரில் எம்.ஏ. பொருளாதாரம் கடைசி வருடம். டெல்டாவில் மெஷின் அறுவடையால் எவ்வளவு நெல் வீணாகிறது என்பது ஆய்வு. திங்கள்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். தவறினால் ஆறு மாதம் தள்ளிப்போகும்... கிடைத்திருக்கிற வேலையும் போய்விடும். தேர்ச்சி பெற்றால்தான் வேலை என்று எழுத்திலேயே கொடுத்திருக்கிறார்கள்.

கைடு மேடம் ஒரு படிவம் கொடுத்திருந்தார். எடுத்தாளும் ஒவ்வொரு இணையதளத்துக்கும் அதை நிரப்ப வேண்டும். யார் எழுதியது? எப்போது? எதற்காக? ஆதாரம் என்ன? எல்லாவற்றையும் நிரப்பிவிட்டாள். ஒன்றில் மட்டும் சிக்கிக்கொண்டாள் — அறுவடை இயந்திர உரிமையாளர்கள் சங்கத்தின் இணையதளம். எந்த ஊர்ச் சங்கம் என்று கேட்காதீர்கள்.

பார்த்தேன். மேலே சங்கத் தலைவர் சால்வையோடு சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ‘புதியது’ என்று ஒரு வார்த்தை சிவப்பில் மின்னிக்கொண்டே இருந்தது. அதற்குக் கீழே இருந்த அறிவிப்புக்கு ஐந்து வயது. அதற்கும் கீழே ஒரு கட்டுரை: செயினில் ஓடும் அறுவடை வண்டி அறுத்த வயலில், ஏக்கருக்கு ஒரு மரக்கால் நெல் சிதறினால் அதிகம்.

“நாலாவது அத்தியாயம் முழுக்க இந்த ஒரு மரக்காலை வச்சுத்தான்ப்பா கணக்குப் போட்டிருக்கேன். எழுதினவங்க பேரு மட்டும் இல்ல.”

அடுத்த பத்தியைப் படித்தேன். ‘வயலுக்குப் பொய் சொல்லத் தெரியாது, வாசகர்களே...’

எனக்கு வியர்த்துவிட்டது. அறுவடை இயந்திரக்காரர்களைப் போய் ‘வாசகர்களே’ என்று கூப்பிடுகிற ஆள் இந்த ஜில்லாவில் வேறு யார் இருக்க முடியும்? நான்தான். ஐந்து வருடத்துக்கு முன்பு, சங்கச் செயலாளர் பழகிய மனிதராயிற்றே என்று ஒரே மத்தியானத்தில் எழுதிக் கொடுத்தது. அந்த மரக்கால்? குத்தாலத்தில் ஒரு டீக்கடையில் வண்டி டிரைவர் ஒருவர் சொன்னது. அவர் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

“என்னப்பா, நம்பலாமா?”

“சங்கத்தோட சைட்தானேம்மா... நம்பலாம்” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? வெட்கம்தான், வேறென்ன. எழுதுகிறவன் என்று நம்பி வந்து கேட்ட பெண்ணிடம், அது நான் அடித்துவிட்டது என்று எப்படிச் சொல்வது?

வியாழக்கிழமை செயலாளருக்கு போன் போட்டேன். நான் எழுதியது ‘மாவுக்கு ஒரு மரக்கால்’ என்றல்லவா ஞாபகம்? எங்கள் பக்கத்து நில அளவில் மூன்று மா சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர்.

“ஆமா சார், நீங்க மான்னுதான் எழுதினீங்க. சைட் போட்டுக் குடுத்தது சென்னைக் கம்பெனிங்க. மான்னா அவங்களுக்குப் புரியல, ஏக்கர்னு மாத்திட்டாங்க.”

“அப்பவே சொல்லித் திருத்தியிருக்கலாமேங்க?”

“இருந்துட்டுப் போவட்டுமே சார். சேதாரம் கம்மின்னு இருந்தா நம்ம வண்டிக்கு நல்லதுதானே?”

தீர்ந்தது. ஆதாரமே இல்லாத அந்தக் கணக்கிலும் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம்.

வெள்ளியும் சனியும் சோறு இறங்கவில்லை. பக்கத்து அறையில் கயல் டைப் அடிக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து வாசலுக்குப் போய் நின்றேன். தேர்வாளர் இந்தப் பக்கத்துக்காரராக இருந்து, ‘ஏக்கருக்கு ஒரு மரக்காலா? எந்த வயல்லம்மா?’ என்று கேட்டுவிட்டால்? பெண் அத்தனை பேர் முன்னால் விழித்துக்கொண்டு நிற்பாளே...

“பிரஷர் மாத்திரை போட்டீங்களா? மூஞ்சியே சரியில்லையே” என்றாள் மனைவி. போட்டிருந்தேன். அந்த மாத்திரைக்கு இது கேட்காது.

ஞாயிறு காலை, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லிவிட்டேன். கயல் கத்தவில்லை. கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். எழுந்து போய் அந்தப் படிவத்தை எடுத்து வந்தாள்.

“எழுதினது?”

“நான்.”

“எதுக்கு எழுதினீங்க?”

“கேட்டாங்க... எழுதிட்டேன்.”

“ஆதாரம்?”

“டீக்கடை.”

“சொன்னவர் பேரு?”

“கேக்கல.”

ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துப் பேனாவை மூடும்போது கண் கலங்கிவிட்டது. “புதன்கிழமையே சொல்லியிருக்கலாம்லப்பா” என்றாள். அவ்வளவுதான். என்னால் தலையைத் தூக்க முடியவில்லை.

அன்று பகல் முழுக்க நாலாவது அத்தியாயத்தைப் பிரித்துப் போட்டாள். மரக்கால் போயிற்று, அதைப் பெருக்கிப் போட்ட அட்டவணைகளும் போயின. திருவிடைமருதூர் பக்கம் அவளே வயல் வயலாகப் போய் விவசாயிகளிடம் கேட்டு வந்த விவரம் மட்டும் நின்றது. அத்தியாயம் பாதியாகிவிட்டது. நான் பக்க எண் சரிபார்த்தேன். வேறு எதையும் என்னை நம்பிக் கொடுக்கவில்லை. திங்கள்கிழமை ஆய்வேடு போய்ச் சேர்ந்தது.

நாம் என்ன செய்கிறோம்? சங்கம் என்று ஒரு பெயர், ஒரு லோகோ, சால்வையோடு ஒரு தலைவர் — பார்த்தவுடன் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். உள்ளே உட்கார்ந்து எழுதியவன் என்னைப் போல ஒருத்தனாக இருப்பான் என்று யாருக்காவது தோன்றுகிறதா? எனக்கே அதுவரை தோன்றியதில்லை.

போன வாரம் வைவா. ஆய்வேட்டில் அவள் ஒரு அடிக்குறிப்பு போட்டிருந்தாள்: ‘கட்டுரையாளரை நேரில் விசாரித்ததில் ஆதாரம் இல்லை எனத் தெரியவந்ததால், இத்தரவு பயன்படுத்தப்படவில்லை.’ தேர்வாளர் அந்த இடத்தில் நிறுத்தினாராம்.

“பேரே இல்லாத கட்டுரை. எழுதினவரை எப்படியோ பிடிச்சிட்டீங்க, சரி. அவர் உண்மையைச் சொல்ற ஆள்தானா?”

“சொல்லுவார் சார்” என்றாளாம் என் பெண். “என்ன, நாலு நாள் ஆகும்.”