தம்பி எங்கள் தெரு வழியாக நடந்த அன்று

என் தம்பிக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். சர்க்கரை வந்தவனிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. தம்பிக்குத் துறைமுகத்தில் சரக்குக் கணக்குப் பார்க்கும் வேலை. மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொண்டு ஆள் நன்றாகவே இருந்தான். வீட்டில்தான் அவனுக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர். எச்சிலால் ஒட்டாது என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிப் பார்த்தேன். அம்மா தலையை ஆட்டுவாள். தட்டு தனியாகத்தான் கழுவப்படும். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

எச்.ஐ.வி. தடுப்புக்கும், நோய் வந்தவர்களின் பிள்ளைகள் படிப்புக்கும் நிதி திரட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை நடைபயணம் வைத்தார்கள். பீச் ரோட்டிலிருந்து எங்கள் தெரு வழியாகப் போகும் என்றார்கள். தம்பி பெயர் கொடுத்துவிட்டு வந்தான்.

"தெருவே பாக்கும்லே," என்றேன். அரசல்புரசலாக எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் பயம்.

"பாக்கட்டும்க்கா. நாலு பேரு முன்னால அம்மா என்னய எம்பிள்ளன்னு நெனச்சு நின்னாப் போதும். பொறவு வீட்டுலயும் சரியாயிரும்."

மாதா திருவிழாவுக்கு நடந்து வருகிறவர்களுக்கு எங்கள் தெருவில் வாசலுக்கு வாசல் மோர் கொடுப்பது வழக்கம். நடக்கிறவர் யாரானால் என்ன என்று அம்மா அன்றைக்கும் பானை நிறைய மோர் கலக்கினாள். மகனுக்காகத்தான் கலக்குகிறாள் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கல்லூரிப் பிள்ளைகள், நர்சுகள், தொற்று உள்ளவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி வெள்ளை பனியனில் கலந்து வந்தார்கள். யாருக்கு என்ன என்று அம்மாவுக்குத் தெரியாது. எவர்சில்வர் தம்ளரில் மொண்டு மொண்டு கையில் கொடுத்தாள். எல்லாரும் வாய் வைத்துக் குடித்தார்கள்.

தம்பி வந்து கையை நீட்டினான். அம்மா தம்ளரைக் கொடுக்காமல் உயரத் தூக்கிப் பிடித்தாள். அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு குனிந்து இரண்டு கைகளையும் குவித்தான். அவள் ஊற்றினாள். முழங்கை வழியாக வழிந்து பனியனெல்லாம் மோர்.

"நல்லாருக்கும்மா," என்று சொல்லிவிட்டு நடந்தான்.

"ஏம்மா இப்பிடிப் பண்ணுன?" என்றேன்.

"ஏளா, மத்தவுக குடிக்காண்டாமா?"

அழுதுகொண்டேதான் சொன்னாள். அழுதுகொண்டே அடுத்தவருக்கு மொண்டு கொடுத்தாள்.

தம்பி இப்போது ஊருக்கு வெளியே, பக்கத்துப் புதுக்கோட்டையில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருவான். அம்மாவோடு சிரித்துப் பேசுவான். அவள் குடிக்க எதைக் கொண்டுவந்தாலும், "இப்பத்தாம்மா குடிச்சேன்" என்பான்.