முதுகெலும்பில் குடியேறியது

மீன் சந்தையில் அவளுக்கு 'அரைநிமிஷம்' என்று பெயர். எவ்வளவு பெரிய மீனானாலும் செதிள் சுரண்டி, குடல் எடுத்து, துண்டு போட அவளுக்கு அவ்வளவு நேரம்தான். வயது அறுபத்தெட்டு, உடம்பில் சர்க்கரை வேறு. ஆனாலும் காய்ச்சல் என்று ஒருநாள் படுத்ததில்லை. "நோய்க்கே என்னைக் கண்டா பயம்" என்பாள்.

அதனால் இடுப்புக்கு மேலே வலி வந்தபோது அவள் பொருட்படுத்தவில்லை. நாளெல்லாம் நிற்கிறோம், வலிக்காதா? ஆனால் அந்த வலி படுத்தாலும் விடவில்லை. யாரோ தண்டுவடத்தில் ஆணி வைத்து, அவசரமே இல்லாமல் அடிப்பதுபோல இருந்தது. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், "தேய்மானம்மா. வயசானா வர்றதுதான்" என்று மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

சாயங்காலம் ஆனால் உடுப்பு நனைய வேர்த்தது. மருமகள்தான் கவனித்தாள்.

"என்ன அத்தை, ஃபேனுக்குக் கீழ உக்காந்தும் இப்படி வேர்க்குது?"

"நீ அடுப்புல வேகுற, எனக்கு வேர்க்குது. எல்லாம் பாசம்தான்டி."

மருமகள் சிரிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில், வாசலைத் தாண்டும்போது அவளுடைய இடது செருப்பு கழன்றுகொண்டது. அது அவளுக்குத் தெரியவே இல்லை. வெறுங்காலோடு பத்தடி போனபின் மருமகள் கூப்பிட்டுச் சொல்லித்தான் குனிந்து பார்த்தாள். பாதத்தைக் கிள்ளிப் பார்த்தாள்; உணர்ச்சியே இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு முதுகெலும்புகள் அரிக்கப்பட்டு, நடுவே சீழ் கட்டியிருந்தது. அன்றே முதுகைத் திறந்து நரம்பை நெருக்கிய சீழை எடுத்தார்கள். காசநோயாக இருக்கும் என்று நினைத்தார்கள்; இல்லை. ஐந்தாம் நாள், சோதனைச்சாலையில் அந்தச் சீழிலிருந்து வேறொரு கிருமி வளர்ந்தது. டாக்டர் சொன்ன பேர் யார் வாயிலும் நுழையவில்லை.

"இதை நான் புத்தகத்துலதான் பார்த்திருக்கேன். நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"மீன் வெட்டறேன்."

அவர் அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது மீன்ல இருக்குற கிருமி. முள்ளு ஏதாவது குத்துச்சா?"

"குத்தாத நாள் எதுன்னு கேளுங்க டாக்டர்."

சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. முதுகுவலி வருவதற்குக் கொஞ்ச நாள் முன்பு ஆள்காட்டி விரல் ஊதா நிறத்தில் வீங்கி ஒரு வாரம் எரிந்தது. தானாகவே வற்றிவிட்டது. போய்விட்டது என்று நினைத்தாள். அது எங்கும் போகவில்லை. ரத்தத்தோடு ஊர்ந்து எலும்பில் குடியேறியிருந்தது.

"இது இதயத்துலயும் போய் உக்காரும். அதையும் பார்த்துடலாம்" என்றார் டாக்டர். முடிவு வரும்வரை அவள் நெஞ்சில் கையை வைத்தபடியே கிடந்தாள். நல்லவேளை, இதயத்தில் ஒன்றும் இல்லை.

ஆறு வாரம் ஊசிமருந்து ஏற்றினார்கள். வலி போயிற்று. இடது பாதத்துக்கு மட்டும் உணர்ச்சி திரும்பவில்லை. சந்தைக்கு இனி போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஊசியெல்லாம் முடிந்து டாக்டரைப் பார்க்கப் போனபோது அவளே கேட்டாள். "அது உள்ள செத்துடுச்சா டாக்டர், இல்ல தூங்குதா?"

"செத்திருக்கணும்."

"இருக்கணும்னா?"

அவர் அடுத்த ஸ்கேனுக்குத் தேதி எழுதி, சீட்டை மருமகளிடம் நீட்டினார்.